டார்ச் லைட்டா, நீல ஒளியா, கைபேசியா? வாய்ப்புற்றைத் தொடக்கத்திலேயே பார்க்க எது உதவும்

வாய்ப்புற்றுநோய் கணையத்தில் வருவதைப் போல உள்ளே ஒளிந்து வளர்வதில்லை. வாயைத் திறந்தால் கண்ணில் படும் இடத்தில்தான் வருகிறது. அப்படியிருந்தும் நம் நாட்டில் பெரும்பாலானோர் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் போய் நிற்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் ஒளியின் உதவியால் வாயைச் சோதிக்கும் கருவிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது?

முதலில் எல்லாவற்றிலும் எளியது: டார்ச் லைட், பயிற்சி பெற்ற கண். இதை மட்டமாக நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 13 ஊராட்சிகளில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். ஒரு பகுதி ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். மற்றவற்றில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். 2005ல் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில் வாய்ப்புற்றால் ஏற்படும் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. கீழே சொல்லப்போகும் எந்தக் கருவிக்கும் இந்த அளவு சான்று கிடையாது. ஆனால் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. பத்துப் பேருக்கு வெண்படலம் இருந்தால், அதில் எது புற்றாக மாறும் என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது.

அந்த இடத்தில்தான் நீல ஒளி வருகிறது. வெல்ஸ்கோப் போன்ற கருவிகள் 400 முதல் 460 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட ஒளியை வாய்க்குள் பாய்ச்சுகின்றன. நல்ல திசு வெளிர்பச்சையாக மிளிரும். வாயின் உட்தோலுக்கடியில் இருக்கும் கொலாஜன் என்ற புரதமும், செல்லுக்குள் இருக்கும் சில வேதிப்பொருள்களும்தான் அந்த மிளிர்வுக்குக் காரணம். புற்று தலைகாட்டும்போது கொலாஜன் சிதைகிறது, செல்லின் இயக்கம் மாறுகிறது. மிளிர்வு மங்கி அந்த இடம் கருமையாகத் தெரிகிறது. கேட்க அருமையாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், சாதாரணப் புண்ணும் அழற்சியும்கூடக் கருமையாகத்தான் தெரியும். அங்கே கூடுதலாகப் பாயும் ரத்தம் ஒளியை விழுங்கிவிடுவதுதான் காரணம். வெற்றிலை, பாக்கு, புகையிலையை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்த வாயில் அழற்சி இல்லாத இடம் அரிது. இன்னொரு பக்கம், தடித்த வெண்படலம் சில சமயம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று மிளிரும். பழகிய மருத்துவர் அந்த இடத்தைக் கருவியால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். ரத்தம் விலகியதும் பச்சை திரும்பினால் பெரும்பாலும் அழற்சி. ஆக, கருவியைப் படிக்கவும் ஒரு பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது: சந்தேகமான புண் கண்ணில் பட்டால் இத்தகைய ஒளிக்கருவிகளை நம்பிக் காத்திருக்காமல், சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்குப் போக வேண்டும். என் பயமும் இதேதான். “லைட்ல பார்த்தாச்சு, ஒண்ணுமில்ல” என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அந்தக் கருவி இல்லாமலே இருந்திருக்கலாம்.

அசிட்டிக் அமிலத்தால் வாய் கொப்பளித்துவிட்டு நீலம் கலந்த வெள்ளை ஒளியில் பார்க்கும் முறையும் உண்டு. வெண்படலத்தின் ஓரம் கொஞ்சம் தெளிவாகும், அவ்வளவுதான்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது குறும்பட்டை ஒளி. 415, 540 நானோமீட்டர் அளவிலான இரண்டே பட்டைகள். இரண்டையும் ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும் என்பதால், மேற்பரப்பின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுப்புக் கோடுகளாக எழுந்து நிற்கின்றன. புற்று வளரத் தனக்கென்று ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளும். அவை நீண்டு, முறுக்கி, கடைசியில் ஒழுங்கே இல்லாமல் கலைந்துபோகும் படிகளை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கருமை தெரிகிறதா இல்லையா என்பதோடு நிற்காமல் நோயின் நடையையே காட்டும் முறை இது. குறை: எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனை வேண்டும், செலவும் அதிகம். தடித்த வெண்படலத்துக்கு அடியில் இருக்கும் குழாய்கள் இதற்கும் தெரியாது.

அடுத்தது ஓசிடி, ஒளியால் திசுவின் உள்ளடுக்குகளைப் படமெடுக்கும் முறை. கண் மருத்துவமனைகளில் விழித்திரையைப் பார்க்கப் பயன்படுவதே. வெட்டாமலே திசுவின் குறுக்குவெட்டைக் காட்டும், ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரைதான். ஒரு தடவைக்குச் சின்னஞ்சிறு இடம்தான் தெரியும் என்பதால், எங்கே பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் கைபேசி. பெங்களூரு மருத்துவர்களும் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, வெள்ளை ஒளியிலும் ஊதா ஒளியிலும் படமெடுக்கும் கைபேசிக் கருவியை உருவாக்கினார்கள். திருவனந்தபுரத்தின் சாஸ்கான் நிறுவனம் ஓரல்ஸ்கேன் என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. அது மிளிர்வோடு ரத்தம் உறிஞ்சும் ஒளியையும் அளந்து, பயாப்சிக்கு எந்த இடத்தில் சதை எடுக்கலாம் என்று காட்டுகிறது. இவற்றின் உண்மையான பலம் படம் பதிவாகி நிற்பதுதான். கிராமத்தில் சுகாதாரப் பணியாளர் எடுத்த படத்தை நகரத்து நிபுணர் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிடலாம். தொல்லை எங்கே என்றால், பாக்குப் பழக்கத்தால் வாயின் உட்தோல் இறுகி, வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காதவர்களிடம். நோய் அபாயம் அதிகமுள்ள அவர்களின் வாயின் பின்பகுதிக்குத்தான் கேமரா எட்டுவதில்லை.

நாட்டு நிலைமைக்கு என் தேர்வு இது: ஊர் முகாமுக்கு டார்ச் லைட்டும் கைபேசியும், நிபுணரிடம் குறும்பட்டை ஒளி, முடிவு சொல்லப் பயாப்சி. நீல ஒளிக் கருவியைப் புதிதாக வாங்க நினைக்கும் பல் மருத்துவர், அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பயாப்சிக்கு வசதியில்லாத நோயாளிகளுக்கு ஒதுக்கினால் நன்றாக இருக்கும். நம் பக்கம், வெற்றிலையும் புகையிலையும் அடக்கும் கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடிப்பகுதி, இந்த மூன்று இடங்களில் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ சிவந்த திட்டோ இருந்தால், எந்தக் கருவி பச்சை காட்டினாலும் பயாப்சி கேளுங்கள்.