க்ளோரியா கேய்னரோட 'நெவர் கேன் சே குட்பை' எல்பி: முதல் பக்கத்துக்காகவே வாங்கலாம்

போன மாசம் பழைய ஹிட் பாட்டுங்களோட டிஸ்கோ, ஃபங்க் ரீமிக்ஸ்னு (பழைய பாட்ட ஆடுறதுக்கு ஏத்த மாதிரி மாத்திப் போடுறது) முப்பது ட்ராக் இருக்குற ஒரு பேக் டவுன்லோட் பண்ணேன், காசு குடுத்துதான், யாரு போட்டதுன்னு பேர் வேணாம். கேட்டு முடிச்சப்ப மனசே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த கசப்பு போகணும்னே அலமாரியிலிருந்து டிஸ்கோ பாடகி க்ளோரியா கேய்னரோட 1975 எல்பிய (பெரிய இசைத்தட்டு) எடுத்து முதல் பக்கத்த போட்டேன், அன்னிக்கு மட்டும் மூணு தடவ. அதனால இது அந்த எல்பியோட ரிவ்யூ, நடுவுல அந்த பேக் பத்தியும் வரும், ஏன்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கேட்டப்பதான் எனக்கே ஒரு விஷயம் தெளிவாச்சு.

முதல் பக்கத்துல மூணே பாட்டு. 'ஹனி பீ', 'நெவர் கேன் சே குட்பை', 'ரீச் அவுட் ஐல் பி தேர்'. ஒவ்வொண்ணும் ஆறு நிமிஷத்துக்கு குறையாம, நடுவுல கேப்பே கிடையாது, ஒரு பாட்டு முடியுறதுக்குள்ள அடுத்தது தொடங்கிடும், மொத்தம் கிட்டத்தட்ட 19 நிமிஷம் டிரம் நிக்காம ஓடும். இன்னிக்கு டிஜே மிக்ஸ் கேட்டு வளந்தவங்களுக்கு இதுல என்னன்னு தோணும். ஆனா இது 1975. ரேடியோவுக்கு மூணு நிமிஷம்னு பாட்டு வெட்டிக்கிட்டிருந்த காலம், அப்ப ஒரு முழு பக்கத்தையும் டான்ஸ் ஆடுறவங்க நிக்கக்கூடாதுன்னே கட்டினவரு, இத மிக்ஸ் பண்ண டாம் மோல்டன். அவரு மிக்ஸ் பண்ற விதம் பத்தி தனியா புஸ்தகமே போடலாம், அவ்ளோ இருக்கு.

மூணுல ரெண்டு பாட்டு ஏற்கனவே ஹிட்டானது. 'ரீச் அவுட்' ஃபோர் டாப்ஸ் 1966ல பாடினது, அமெரிக்காவுல நம்பர் ஒன். 'நெவர் கேன் சே குட்பை' 1971ல ஜாக்சன் ஃபைவ், அப்ப மைக்கேல் ஜாக்சன் சின்னப் பையன். அந்த ஒரிஜினல் மெதுவா, ஏங்கி ஏங்கி போகும். பிரிஞ்சு போகணும்னு நினைக்குறேன் ஆனா முடியலன்னு ஒருத்தர் புலம்புறதுதான் பாட்டே. கேய்னர் வெர்ஷன்ல அந்த ஏக்கம் அப்படியே இருக்கு, மெட்டு மாறல, வேகம் மட்டும் எகிறிடுச்சு. இப்ப யோசிச்சு பாருங்க, விடைபெற முடியலன்னு பாடுற பாட்டு, ஆறு நிமிஷம் ஆகியும் முடிய மாட்டேங்குது, முடிஞ்சுடுச்சோன்னு நினைக்கும்போது வயலின் திரும்பி வருது, அப்புறம் அதுவும் முடியாம அடுத்த பாட்டுக்குள்ள போய் கலந்துடுது. நீளமாக்குனது ஆடுறதுக்குதான், ஆனா அந்த நீளம் பாட்டோட அர்த்தத்துக்கே அவ்ளோ பொருந்துது. இதத்தான் நான் நல்ல ரீமிக்ஸ்னு சொல்லுவேன். பாட்டுக்குள்ள ஏற்கனவே என்ன இருக்கோ அத கண்டுபிடிச்சு அதுக்கு இடம் விடணும். மேல எதையாவது ஒட்டுறது இல்ல.

ஹெட்ஃபோன்ல கேளுங்க, டிரம்ஸ மட்டும் கவனிங்க. கிக் டிரம் (காலால அடிக்குற பெரிய டிரம்) ஒவ்வொரு அடிக்கும் டும் டும்னு விழும், ரெண்டு அடிக்கு நடுவுல ஹை-ஹாட் (ஜால்ரா மாதிரி சேந்து மூடுற ரெண்டு தட்டு) திறந்து 'ட்ஸ்'னு ஒரு மூச்சு விடும். ஆளோட கால அசைய வைக்குறதே அந்த மூச்சுதான். இந்த வாசிப்பு முறைய நிலைநாட்டினவருன்னு பிலடெல்பியா டிரம்மர் எர்ல் யங்க சொல்வாங்க, 1973ல ஹெரால்ட் மெல்வின் அண்ட் த ப்ளூ நோட்ஸோட 'த லவ் ஐ லாஸ்ட்'ல வாசிச்சது. அதுக்கப்புறம் வந்த டிஸ்கோ பாட்டு ஒண்ணு விடாம அந்த 'ட்ஸ்'ஸுக்கு கடன்பட்டிருக்கு. இந்த எல்பில அது மனுஷன் வாசிச்சது, அதனால ஒவ்வொரு 'ட்ஸ்'ஸும் கொஞ்சம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், ஒண்ணு லேசா நீளும், ஒண்ணு சட்டுனு மூடிக்கும்.

குறை இல்லாம இல்ல. பாட்ட நீட்டும்போது பாடகிக்கு இடம் கொறஞ்சுடுச்சு. முதல் தடவ கேட்டப்ப கேய்னரே 'நான் அதிகமா பாடவே இல்லையே'ன்னு வருத்தப்பட்டதா மோல்டன் பேட்டிகள்ல சொல்லியிருக்காரு, அவங்க வருத்தம் நியாயம்தான். அவ்ளோ நல்ல குரல வச்சுக்கிட்டு நிமிஷக்கணக்குல வாத்தியம் மட்டும் போறது சில இடத்துல எனக்கும் நீளமா தோணுச்சு. 'ரீச் அவுட்' ஒரிஜினல்ல ஃபோர் டாப்ஸ் பாடகர் லீவை ஸ்டப்ஸ் தொண்டை கிழிய கூப்பிடுறப்ப வர்ற அந்த அவசரம் இங்க வரல, வேகம் இருக்கு ஆனா பதட்டம் இல்ல. ரெண்டாவது பக்கம் சாதாரண நீளத்துல சாதாரண பாட்டுங்க, நான் அதிகமா திருப்பிப் போட்டதில்ல.

ஏன் எல்பில தான் கேக்கணும்னு சிலர் கேப்பாங்க. வினைல் தட்டுல பேஸ் சத்தம் பெருசா வேணும்னா ஊசி ஓடுற பள்ளம் அகலமா வெட்டணும், அகலமா வெட்டினா இடம் அதிகமா பிடிக்கும், 7 இன்ச் சிங்கிள் தட்டுல அந்த இடமே இல்ல. மோல்டன் ஒரு பாட்ட தட்டுல வெட்டப் போனப்ப 7 இன்ச் வெறும் தட்டு தீர்ந்து போச்சுன்னு இஞ்சினியர் ஹோசே ரோட்ரிகஸ் பெரிய தட்டுல வெட்டிக் குடுத்தாரு, பள்ளத்த பரப்பி வெட்டவும் சத்தம் கும்முன்னு வந்துச்சு, 12 இன்ச் சிங்கிள் பொறந்த கதை இதுதான். கடையில காசுக்கு வித்த முதல் 12 இன்ச்னு சொல்றது 1976ல சால்சோல் கம்பெனி போட்ட 'டென் பர்சென்ட்', மூணு நிமிஷப் பாட்ட டிஜே வால்டர் கிப்பன்ஸ் ஒம்போது நிமிஷத்துக்கு மேல இழுத்தாரு. அதையும் தேடிக் கேளுங்க, இந்த எல்பிக்கு அப்புறம் கேட்டா இன்னும் புரியும்.

இப்ப அந்த பேக். முப்பது ட்ராக்ல இருபத்தஞ்சுக்கு மேல ஒரே கிக் டிரம். நெசமா ஒரே சாம்பிள், நான் மாத்தி மாத்தி போட்டு பாத்தேன். குரல தனியா பிரிச்செடுக்குற சாஃப்ட்வேர் இப்ப யார் கையிலும் இருக்கு, 2019ல டீசர் கம்பெனி ஸ்ப்ளீட்டர இலவசமா வெளிய விட்டதுல இருந்து இது ரொம்ப சுலபமாயிடுச்சு, அது நல்ல விஷயம்தான், மாஸ்டர் டேப் (ஸ்டுடியோவோட ஒரிஜினல் பதிவு) கிடைக்காத பாட்டயும் தொட முடியுது. ஆனா பிரிச்சதுக்கப்புறம் சுத்தம் பண்ணணும்ல? இதுல பாடகர் 'ஸ' சொல்ற இடமெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கொழகொழன்னு கேக்குது, வரிக்கு நடுவுல மூச்சு எடுக்குற சத்தம் காணாமப் போச்சு, பழைய டிரம்ஸோட நிழல் ஒண்ணு குரலுக்கு பின்னாடியே ஒட்டிக்கிட்டு வருது, புது டிரம்ஸோட அது சேரவும் இல்ல.

ஃபங்க்னு போட்டிருந்த ட்ராக்குங்கதான் இன்னும் வருத்தம். டிஸ்கோவ கூட கிக் வச்சு ஒப்பேத்திடலாம், ஃபங்க ஒப்பேத்த முடியாது. அது அடிக்கு நடுவுல இருக்கு. ஜேம்ஸ் பிரவுனோட 'ஃபங்கி டிரம்மர்'ல க்ளைட் ஸ்டபில்ஃபீல்ட் வாசிக்குறத கேளுங்க, ஓங்கி விழுற ஸ்னேர் டிரம் அடிக்கு நடுவுல குச்சி தோல தடவுற மாதிரி குட்டி குட்டி அடி போய்க்கிட்டே இருக்கும், கேக்குதா இல்லையான்னே தெரியாது, அத எடுத்துட்டா பாட்டு செத்துடும். இந்த பேக்ல எல்லாத்தையும் கம்ப்யூட்டர் கட்டத்துக்குள்ள இழுத்து நேரா நிக்க வச்சுட்டாங்க. பேஸ் கிட்டார் நாலு பார் லூப், அதாவது நாலு தாளச் சுத்தையே திருப்பித் திருப்பி ஓட்டுறது. 1981ல ஸ்டார்ஸ் ஆன் 45ங்குற, பழைய ஹிட்டுங்கள ஒண்ணா ஒட்டின மெட்லி கேட்டவங்களுக்கு அந்த விடாத கைத்தட்டல் ஞாபகம் இருக்கும், எந்தப் பாட்டு வந்தாலும் அதே தட்டு, அந்த வியாதி இன்னும் போகல.

புது காலத்து ரீமிக்ஸ்னாலே மோசம்னு நான் சொல்லல. எல்விஸ் பாடின 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' 1968ல வந்தப்ப பெருசா ஓடல, 2002ல டிஜே ஜேஎக்ஸ்எல் அதுக்கு கனமான டிரம்ஸ் போட்டு விட்டாரு, பிரிட்டன்ல நம்பர் ஒன். அதுல பாட்டுக்குள்ள முன்னாடியே ஒரு ஃபங்க் பதுங்கி இருந்துச்சு, அந்த கிட்டார், அந்த தெனாவெட்டு, அவரு அத முன்னாடி கொண்டு வந்தாரு, அவ்ளோதான்.

வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம். இந்த எல்பிய ஸ்ட்ரீமிங்ல கேட்டா ஷஃபிள ஆஃப் பண்ணுங்க, கிராஸ்ஃபேட ஆஃப் பண்ணுங்க, மூணு பாட்டயும் வரிசையா விடுங்க. ஹிட்ஸ் தொகுப்புல வர்ற மூணு நிமிஷ வெர்ஷன் சிங்கிளுக்காக வெட்டினது, அத கேட்டுட்டு இந்த எல்பிய எடை போடாதீங்க. பழைய தட்டு வாங்கினா முதல் பக்கத்த வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, பார்ட்டில தேஞ்சது பெரும்பாலும் அந்தப் பக்கமாதான் இருக்கும்.

பேக்ல இருபத்தெட்டு ட்ராக்க டெலீட் பண்ணிட்டேன். ரெண்ட வச்சிருக்கேன். அதுல ஒண்ணுல பழைய டிரம்மர் பல்லவி வர்றப்ப உற்சாகத்துல லேசா வேகம் எடுக்குறாரு, ரீமிக்ஸ் பண்ணவரு அத சரி பண்ணாம, புதுசா போட்ட பேஸயும் அவரு பின்னாடியே ஓட விட்டிருக்காரு. பல்லவி முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேந்தே மெதுவாகி வர்றாங்க. அந்த எடத்த மட்டும் நேத்து ராத்திரி எத்தன தடவ திருப்பிப் போட்டேன்னு எனக்கே கணக்கில்ல.