ஃபைபர், செம்புக் கம்பி, ஏர்ஃபைபர்: வீட்டுக்கு எது?

வீட்டுக்கு நெட் எடுக்க வேண்டும், எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தெருவில் ஒயர் அறுந்தால் யார் வந்து ஒட்டுவார்கள்? வேகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

செம்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2005-ல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தபோது, வீட்டில் ஏற்கெனவே இருந்த டெலிபோன் ஒயரிலேயே பிராட்பேண்ட் கிடைத்தது. அன்றைக்கு அது பெரிய விஷயம். ஆனால் செம்பில் போவது மின் சிக்னல். தூரம் கூடக் கூடத் தேய்ந்துகொண்டே போகும். டெலிபோன் ஒயரில் நெட் தரும் ஏடிஎஸ்எல்2+ என்ற முறை, எக்ஸ்சேஞ்சை ஒட்டிய வீட்டுக்கு 24 எம்பிபிஎஸ் வரை தரும். ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்தால் ஓரிரண்டு எம்பிபிஎஸ்தான். மழையில் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிவிடும். இடியில் எங்கள் வீட்டில் இரண்டு மோடம் போயின. அப்புறம் மேகம் கறுத்தாலே அம்மா ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிவிடுவார். கரண்ட் போனாலும் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் பழைய போன் பேசும் என்பது அதன் நிஜமான பலம். நெட்டுக்கு அது உதவாது. வேறு எதுவுமே வராத ஊரில் மட்டும் செம்பு போதும்.

ஃபைபரில் ஓடுவது ஒளி. தலைமுடி அளவே உள்ள கண்ணாடி இழை, அதற்குள் ஒளி போகும் பாதை 9 மைக்ரான்தான். இருபது கிலோமீட்டர் போனாலும் வேகம் குறையாது, இடியும் இழை வழியாக வீட்டுக்குள் வராது. ஒரு இழையின் இரண்டரை கிகாபிட் (2500 எம்பிபிஎஸ்) வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் மட்டுமே பங்குபோடுவதாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் முழுசாக இழுக்காததாலும், 100 எம்பிபிஎஸ் பிளான் ராத்திரியிலும் பெரும்பாலும் 100-ஆகவே நிற்கும். வீடியோ காலுக்கு முக்கியமான அப்லோடும் அப்படியே.

பலவீனம், அது தெருவில் தொங்கும் விதத்தில் இருக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் இழுத்த கேபிளை உயரமான லோடு ஏற்றிய லாரி அறுத்துவிடும், கிளை வெட்டுகிறவர் சேர்த்து வெட்டிவிடுவார். வீட்டிலிருக்கும் ஃபைபர் பெட்டியில், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மினுக்கும். ஒட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இழையை ஸ்பிரிட்டில் துடைத்து, நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்தால், குட்டித் திரையில் இரண்டு முனைகளும் நெருங்கி வந்து ஒரு பொறியில் ஒன்றாகிவிடுகின்றன. சில நிமிட வேலைதான். ஆனால் மெஷின் வைத்திருக்கும் ஆள் வர மூன்று நாள் ஆனால், அந்த மூன்று நாளும் நெட் இல்லை. கனெக்‌ஷன் கொடுக்கும்போதே, வந்து சேரும் ஒளியின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் அளக்கும் பவர் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் எங்கோ ஒயர் மடங்கியிருக்கிறது அல்லது ஜாயின்ட் சரியில்லை. ஜன்னல் ஓரத்தில் கேபிளை நறுக்கென்று வளைத்து ஆணி அடிக்கவும் விடாதீர்கள், அங்கே ஒளி கசியும்.

ஏர்ஃபைபர் என்ற பெயரைப் பார்த்து ஃபைபர் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் கடைசிப் பகுதி 5ஜி ரேடியோதான். ஏர்டெல்லும் ஜியோவும் 2023-ல் தொடங்கின. தாம்பரத்தில் வாடகைக்கு இருக்கும் என் தங்கைக்கு நான் இதைத்தான் எடுக்கச் சொன்னேன். சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார், அடுத்த வருஷம் வீடு மாறினாலும் மாறுவாள். மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு டவர் தெளிவாகக் கிடைக்கிறது, பகலில் குறையே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அதே டவரில் எல்லோரும் மேட்ச் பார்க்கும்போது வேகம் இறங்குகிறது. பல பிளான்களில் மாதத்துக்கு 1000 ஜிபிதான். ஃபைபரில் 3300 ஜிபி வரை தருகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாலு பேர் குடும்பத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சொந்த வீட்டுக்கு ஃபைபரே போட்டேன். விலை பார்த்து அல்ல. கேபிள்காரர் அடுத்த தெருவில் இருக்கிறார், ஸ்ப்ளைசிங் மெஷின் அவரிடமே இருக்கிறது. கரண்ட் போனால் பெட்டி அணையாமலிருக்க ஒரு 12 வோல்ட் குட்டி யூபிஎஸ்ஸும் சேர்த்து வாங்கிவிட்டேன்.