ஃப்ளெகனைடு மாத்திரை: பல வருடங்கள் சாப்பிட்ட பிறகு எழுதுவது

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு என்று சொல்லி, துடிப்பைச் சீராக்கும் ஃப்ளெகனைடு மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தால், வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வது இணையத்தில் தேடுவதுதான். கண்ணில் படுவது முக்கால்வாசி பயமுறுத்தும் செய்தி. நான் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். இந்த மாத்திரையைப் பல வருடங்களாகச் சாப்பிட்டு வருகிறேன். தமிழில் விவரமாக யாராவது எழுதியிருக்க மாட்டார்களா என்று அப்போது ஏங்கியதால் இப்போது நானே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருத்தமான இதயத்துக்கு இது மிக நல்ல மருந்து. பொருந்தாத இதயத்துக்கு ஆபத்தான மருந்து. எந்த இதயத்துக்குப் பொருந்தும் என்பதை எக்கோவும் ஈசிஜியும் பார்த்து டாக்டர்தான் சொல்ல முடியும். என் அனுபவத்தைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை மாற்றவோ கேட்டு வாங்கவோ வேண்டாம்.

எனக்கு வருவது விட்டு விட்டு வரும் வகை. ராத்திரி படுத்த பிறகோ, வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகோ, திடீரென்று நெஞ்சுக்குள் ஒழுங்கே இல்லாமல் படபடவென்று அடிக்கும். நாடியைப் பிடித்துப் பார்த்தால் இரண்டு துடிப்பு அவசரமாக வரும், ஒன்று தாமதிக்கும், அடுத்தது விரலுக்கே எட்டாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். மேலறைகள் இழுபடும்போது இதயமே சுரக்கும் ஒரு ஹார்மோனால் அப்படி ஆகிறது என்று பின்னால்தான் தெரிந்தது. சில மணி நேரம் ஆட்டம் காட்டிவிட்டுத் தானாக நின்றுவிடும். அப்புறம் மறுநாள் முழுக்க உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும்.

மருந்து என்ன செய்கிறது என்று புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு அதன் மேல் நம்பிக்கை வந்தது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியம் உள்ளே வருவதற்கென்று நுண்ணிய வழிகள் இருக்கின்றன. அவைதான் சோடியம் சானல்கள். மின் அலை வந்து தொட்டதும் அவை திறக்கும். வெளியே காத்திருக்கும் சோடியம் அயனிகள் ஓரிரு மில்லி விநாடிக்குள் உள்ளே பாயும். மைனஸ் 80, 90 மில்லிவோல்ட்டில் கிடந்த செல் ஒரே தாவலில் பிளஸ் பக்கம் போய்விடும். அந்தப் பாய்ச்சல் பக்கத்துச் செல்லைத் தூண்டும், அது அடுத்ததைத் தூண்டும். நல்ல இதயத்தில் அலை ஒருமுறை கடந்து போய் ஓய்ந்துவிடுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் தேவையில்லாத இடத்திலிருந்து மின்பொறிகள் கிளம்புகின்றன. பெரும்பாலும் அவை நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயிலிருந்தே கிளம்புகின்றன என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் காட்டினார்கள். கிளம்பிய அலைகள் மேலறைகளில் ஓய இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வர, மேலறைகள் நிமிடத்துக்கு 350க்கு மேல் துடிக்கின்றன. துடிப்பது என்றுகூடச் சொல்ல முடியாது, நடுங்குகின்றன.

ஃப்ளெகனைடு சோடியம் சானல் திறந்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது. சோடியத்தின் பாய்ச்சல் குறைகிறது. புதிய பொறி கிளம்புவது கடினமாகிறது. சுற்றிக்கொண்டிருக்கும் அலையும் தடுமாறி அறுந்துபோகிறது. அடிக்கடி திறந்து மூடும் கதவிடுக்கில்தான் பல்லி மாட்டும்; அதே போல, இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறதோ அவ்வளவு சானல்களில் இந்த மருந்து சிக்கிக்கொள்ளும். வெளியே வருவதும் மெதுவாகத்தான். ஆகவே தாறுமாறாக ஓடும் மேலறையில் அதன் பிடி இறுகுகிறது. நிதானமாக அடிக்கும் நேரத்தில் பிடி தளர்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த லிடோகைன் ஒட்டிய வேகத்திலேயே விட்டுவிடும். பல் பிடுங்கும்போது மரக்க ஊசி போடுகிறார்களே, அதே லிடோகைன்தான். நரம்பிலும் சோடியம் சானல்தானே இருக்கிறது. அது கீழறையின் சில துடிப்புக் கோளாறுகளுக்கு உதவும், என்னுடைய கோளாறுக்கு உதவாது.

"சோடியம் என்றால் உப்பைக் குறைக்க வேண்டுமா?" என்று ஊரிலிருந்து நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். இந்த மாத்திரைக்கும் சாப்பாட்டு உப்புக்கும் சம்பந்தமில்லை. ரத்த அழுத்தத்துக்காக நான் உப்பைக் குறைத்திருக்கிறேன், அது வேறு கணக்கு.

முதலில் எனக்கு தினசரி மாத்திரை தரவில்லை. படபடப்பு வரும்போது மட்டும் ஒரே தடவையாகப் பெரிய டோஸ் எடுக்கும் முறைதான் தந்தார்கள். கைப்பையில் மாத்திரையை வைத்துக்கொண்டே திரிய வேண்டும். 2004இல் இத்தாலிய மருத்துவர்கள் 210 பேரிடம் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்த தடவைகளில் 94 சதவீதம் துடிப்பு சீரானது, சராசரியாக 113 நிமிடத்தில். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: முதல் தடவை ஆஸ்பத்திரியில், மானிட்டர் மாட்டிய நிலையில்தான் கொடுத்துப் பார்ப்பார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் படபடப்பு அடிக்கடி வர ஆரம்பித்ததும் தினமும் காலை 50 மில்லிகிராம், இரவு 50 மில்லிகிராம் என்று மாற்றினார்கள். பிறகு அது நூறு நூறாக ஆனது.

கூடவே பைசோப்ரலால். இது எதற்கு என்று பலருக்குத் தெரிவதில்லை, நாடி குறைகிறதே என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஃப்ளெகனைடு சில சமயம் மேலறையின் தாறுமாறான நடுக்கத்தை ஒழுங்கான ஒரு சுழலாக மாற்றிவிடும். அதற்கு ஏட்ரியல் ஃப்ளட்டர் என்று பெயர். சாதாரண ஃப்ளட்டரில் மேலறை நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 தடவை அடிக்கும், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின் அலையைக் கடத்தும் ஏவி நோடு பாதியைத் தடுத்துவிடும், கீழறைக்கு 150 போகும். மருந்து அந்த 300ஐ 200க்கு இறக்கினால் என்ன ஆகும்? 200 என்பது ஏவி நோடு சமாளிக்கக்கூடிய வேகம். அத்தனையையும் அப்படியே கீழே அனுப்பிவிடும். நாடி 200க்குப் போய் ஆள் மயங்கி விழலாம். மேலறையின் வேகத்தைக் குறைத்த மருந்தே நாடியை ஏற்றிவிடுகிறது. அந்த ஏவி நோடைப் பிடித்து வைப்பதுதான் பைசோப்ரலாலின் வேலை. ஒன்றை மட்டும் சாப்பிடுவேன், மற்றது வேண்டாம் என்பது இங்கே சரிப்படாது.

தினசரி டோஸ் தொடங்கிய சில நாளில் டிரெட்மில் டெஸ்ட்டுக்கு வரச் சொன்னார்கள். நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டி, சேலைக்குப் பதில் டிராக் பேன்ட்டில் என்னை நடக்கவிட்டார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் ஏறின. நாடி ஏற ஏற மருந்தின் பிடியும் இறுகும் அல்லவா, அந்த நேரத்தில் கீழறைக்குள் மின்சாரம் அளவுக்கு மீறி மெதுவாகிவிடுகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. முடிந்ததும் டெக்னீஷியன் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி விநாடி. நடுவில் கூர்மையாக எழும் க்யூஆர்எஸ் கோடு, மருந்துக்கு முன்னால் இரண்டு கட்டத்துக்குச் சற்று மேல் இருந்தது. ஓடி முடித்த தாளில் ஒரு மயிரிழை அகலமாகியிருந்தது. கால்வாசிக்கு மேல் அகன்றிருந்தால் டோஸைக் குறைப்போம், இல்லை நிறுத்துவோம் என்றார். என் கண்ணாலேயே அந்தக் கோட்டைப் பார்த்தது எவ்வளவு பெரிய தைரியம் என்று சொல்லி மாளாது. உங்கள் ஆஸ்பத்திரியில் இந்த டெஸ்ட்டைப் பற்றி யாரும் பேசவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

பக்க விளைவுகள். பார்வைதான் எனக்கு முக்கியமானது. கையில் இருக்கும் போனைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி வரும் பஸ்ஸின் எண்ணைப் பார்த்தால், எண் கூடிவர ஒரு கணம் ஆகும். தலையைச் சட்டென்று திருப்பினால் காட்சி பின்தங்கி வருவது போல இருக்கும். டோஸ் கூட்டிய புதிதில் தலைசுற்றலும் இருந்தது. சில வாரங்களில் தலைசுற்றல் போய்விட்டது. பார்வை முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் பழகிவிட்டது. இரவில் நான் கார் ஓட்டுவதில்லை. இதே வகையைச் சேர்ந்த புரொபாஃபினோன் சாப்பிடும் தோழி ஒருத்திக்கு வாயெல்லாம் இரும்பைச் சப்பிய மாதிரி கசப்பு. எனக்கு அது இல்லை.

பலன்? தினசரி டோஸுக்கு வந்த பிறகு படபடப்பு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வருவது வெகுவாகக் குறைந்தது, வந்தாலும் சுருக்கமாக முடிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய பலன், எங்கே வருமோ என்று பயந்து கல்யாணம், பயணம் எல்லாவற்றையும் தவிர்த்துக்கொண்டிருந்தவள் இப்போது போகிறேன். துடிப்பு சீராகிவிட்டது என்பதற்காக ரத்தம் உறையாமல் காக்கும் அபிக்ஸபானை நிறுத்தவில்லை. பக்கவாத அபாயம் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாடி ஒழுங்காக இருப்பதால் அது மறைந்துவிடாது.

இந்த வகை மருந்தின் பூர்வீகம் நம் ஆட்களுக்கு அந்நியமானது அல்ல. 1912இல் ஒரு டச்சு வணிகர் டாக்டர் வென்கெபாக்கிடம் வந்து, மலேரியாவுக்குச் சாப்பிடும் குயினைனால் தன் தாறுமாறான நாடியைத் தானே சரிசெய்துகொள்வதாகச் சொன்னார். டாக்டர் நம்பவில்லை. மறுநாள் நாடியைச் சீராக்கிக்கொண்டு வந்து நின்றார் அந்த மனிதர். 1918இல் டாக்டர் வால்டர் ஃப்ரை, அதே சின்கோனா பட்டையில் இருக்கும் குவினிடின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டார். சோடியம் சானலை அடைக்கும் மருந்துகளின் கதை அங்கே தொடங்குகிறது. நான் கோயம்புத்தூர்க்காரி. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது, நீலகிரியில் நடுவட்டத்தில் அரசாங்கக் குயினைன் தொழிற்சாலை இருந்தது. இன்னொன்று அஜ்மலின். நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1931இல் பிரித்தெடுத்தது. ப்ருகாடா என்ற பரம்பரை இதயக் கோளாறு ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க இன்றும் அதை ஊசியாகப் போட்டுப் பார்க்கிறார்கள்.

இணையத்தில் பயமுறுத்தும் செய்தி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நடந்த காஸ்ட் என்ற ஆய்வு அது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்குக் கீழறையில் இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஃப்ளெகனைடும் அதே வகையைச் சேர்ந்த என்கெனைடும் அந்தத் துடிப்புகளை அழகாக அடக்கின. ஆனால் மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். 1989இல் ஆய்வில் இந்த இரண்டு மருந்துகளையும் சோதித்த பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். தழும்பு விழுந்த, ரத்த ஓட்டம் குறைந்த தசையில் மின்சாரம் ஏற்கெனவே மெதுவாகத்தான் ஊர்கிறது. அங்கே இன்னும் மெதுவாக்கினால் கீழறையிலேயே புதுச் சுழல் உருவாகிவிடும். மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் ஃப்ளெகனைடு கூடாது என்ற விதி அந்த உயிர்களைக் கொடுத்து வந்தது. எக்கோவும் ரத்தக்குழாய்ப் பரிசோதனையும் முடியும்வரை டாக்டர் இழுத்தடிக்கிறாரே என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மருந்துகளோடு மோதுவதும் ஒரு விஷயம். என் வீட்டுக்காரர் போன பிறகு தூக்கமில்லாமல், சாப்பாடில்லாமல் கிடந்தேன். டாக்டர் மனச்சோர்வுக்கான ஃப்ளூஆக்ஸெடின் எழுதிக் கொடுத்தார். தெருமுனை மருந்துக்கடையில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி இருக்கிறார். சீட்டைப் பார்த்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அன்ரி, நீங்கள் ஃப்ளெகனைட் எடுக்கிறனீங்கள் எல்லோ? இதை இப்ப தரேலாது. டொக்டரோட ஒருக்காக் கதைச்சுப்போட்டுச் சொல்லுறன், கொஞ்சம் இருங்கோ." ஃப்ளெகனைடை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை ஃப்ளூஆக்ஸெடின் முடக்கிவிடும், ரத்தத்தில் ஃப்ளெகனைடு ஏறிவிடும் என்று விளக்கினார். அபிக்ஸபானோடு சேர்ந்தால் ரத்தக் கசிவும் கூடலாமாம். டாக்டர் அந்தச் சீட்டை ரத்துசெய்து கவுன்சிலிங்குக்கு அனுப்பினார். அந்தத் தம்பிக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். எந்தக் கடையில் வாங்கினாலும் உங்கள் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் காட்டுங்கள். வாந்தி பேதி வந்தாலும் அலட்சியம் வேண்டாம், பொட்டாசியம் குறைந்தால் இந்த மருந்தின் குணமே மாறும்.

துடிப்பைச் சீராக்கும் இன்னொரு மருந்தான அமியோடரோன் எனக்குத் தரப்படவில்லை. தைராய்டு, நுரையீரல் என்று அது தொடும் இடங்கள் அதிகம், என் இதயம் ஃப்ளெகனைடைத் தாங்கும்போது அது தேவையில்லை என்றார்கள். அப்லேஷன் (ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, பொறி கிளம்பும் இடத்தைச் செயலிழக்க வைக்கும் சிகிச்சை) செய்துகொள்ளலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார்கள். மாத்திரையைவிட அது துடிப்பை நன்றாகக் கட்டுப்படுத்தும் என்பதையும் மறைக்கவில்லை. தனியாக இருப்பவள், மாத்திரை கேட்கிறவரை ஓட்டலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு ஈசிஜி, சிறுநீரகம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இரண்டும் தவறாமல் நடக்கின்றன. அடுத்த எக்கோ சித்திரையில். இடது மேலறை பெரிதாகியிருந்தால் அப்லேஷனுக்குச் சம்மதிப்பேன். நெஞ்சுவலி வந்தாலோ ரத்தக்குழாயில் அடைப்பு தெரிந்தாலோ ஃப்ளெகனைடை நிறுத்திவிடுவோம் என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார்.