ஏரிக்கரையா, மரக்காடா: டிஸ்க் கோல்ஃபில் என் ஓட்டு

ஒன்றரை வருஷம் இரண்டு மைதானத்திலும் மாறி மாறி ஆடிவிட்டு, இப்போது ஏரிக்கரையோடு நின்றுவிட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "தட்டெல்லாம் தண்ணிக்குள்ள போயிடாதா?" போகும். இதுவரை ஏழு போயிருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் பறக்கும் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. 1970-களில் எட் ஹெட்ரிக் கொண்டுவந்த அதே சங்கிலிக் கூடைதான் இன்றைக்கும்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். காட்டில் நிழல் உண்டு, காற்றுத் தொல்லை குறைவு, இரண்டு மரத்துக்கு நடுவே குறுகலான சந்தில் தட்டை அனுப்பி அனுப்பியே நேராக எறிய வந்துவிடும். இதில் காட்டை அடித்துக்கொள்ள முடியாது. ஏரிக்கரையில் வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் தட்டு கையை விட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை முழுசாகக் கண்ணில் தெரியும். காட்டில் முதல் மரம் வரைதான் தெரியும், அப்புறம் 'டொக்' என்று சத்தம் மட்டும்.

சரி, அந்த ஏழு தட்டுக்கு வருகிறேன். தண்ணீர் எல்லைக்கு வெளியே என்று குறித்திருந்தால் உள்ளே போனதற்கு ஒரு எறி அபராதம், அதோடு போச்சு. வலிப்பது தட்டு போவதுதான். அதிலும் தூர எறிந்து போனவை நாலுதான். மீதி மூன்றும் பட்டர், அதாவது கூடைக்குள் போடுவதற்கென்றே இருக்கும் தட்டு, கூடைக்குப் பக்கத்தில் நின்று போட்டவை. கடைசியாகப் போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சங்கிலியில் பட்டுத் தெறித்து, விளிம்பில் நின்று, சரிவில் உருள ஆரம்பித்தது. வேகம்கூட இல்லை. ஓடினால் பிடித்துவிடலாம் என்று நான் ஓட, கரையோரம் ஒரு கல்லில் ஏறிக் குதித்து உள்ளே போய்விட்டது. பின்பக்கம் என் பேரும் ஃபோன் நம்பரும் எழுதியிருந்தது, மீனுக்குப் பிரயோஜனப்படலாம்.

மிதக்கிற தட்டு வாங்கு என்பார்கள். வாங்கினேன். ஒரு தட்டின் விட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரை எடை இருக்கலாம் என்பது விதி. 21 சென்டிமீட்டர் டிரைவர், அதாவது தூரம் எறியும் தட்டு என்றால் 174 கிராம் சொச்சம். மிதப்பவை பெரும்பாலும் அதைவிட நன்றாக எடை குறைந்தவை. ஏரிக்கரையிலோ காற்றுக்குக் குறைச்சலே இல்லை. எதிர்க்காற்றில் லேசான தட்டு மூக்கைத் தூக்கும், எறிந்த பக்கத்தை விட்டு வேறு பக்கம் புரளும். அதாவது தண்ணீரில் தொலையக்கூடாது என்று வாங்கிய தட்டே தண்ணீரைத் தேடிக்கொண்டு போகும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் ஏரி என்றால், காடும் தட்டைத் தின்னும், மெதுவாகத் தின்னும். மரத்தில் மோதி மோதி விளிம்பு மழுங்கும், பறப்பு மாறும். கடைசியில் இடப்பக்கம் வளைந்து இறங்க வேண்டிய டிரைவர், ஒரு நாள் நேராகவே போகும், இன்னொரு நாள் வலப்பக்கம் சாயும். கை பிசகியதா தட்டு தேய்ந்ததா என்றே தெரியாமல் நான் மாதக்கணக்கில் மணிக்கட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஏரி அப்படி ஏமாற்றாது. கரையில் விழுந்தால் தட்டு வாங்கியபோது இருந்த குணத்தோடு இருக்கும், தண்ணீரில் விழுந்தால் இருக்கவே இருக்காது. தேய்ந்த தட்டையே விரும்பிச் சேர்க்கிறவர்களும் உண்டு, அவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது.

ஏரிக்கரை என்றால் எல்லாம் ஒன்றல்ல, மைதானம் ஏரியை எந்தத் திசையில் சுற்றுகிறது என்று முதலில் பாருங்கள். வலக்கையால் பேக்ஹேண்ட் (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசுவது) எறிந்தால் தட்டு கடைசியில் இடப்பக்கம்தான் இறங்கும். தண்ணீர் இடப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு எறியும் அதன் வாய்க்குத்தான். வலப்பக்கம் இருந்தால் தண்ணீருக்கு மேலே அனுப்பினாலும் வளைந்து கரைக்கு வந்து சேரும், அந்த அழகுக்காகவே ஆடலாம். நான் ஆடுவது பெரும்பாலும் வலப்பக்க ஏரி, அதனால்தான் ஏழோடு நின்றது என்றும் சொல்லலாம். இடக்கைக்காரர்கள் இதை அப்படியே திருப்பிப் படிக்கவும்.

குறையும் இருக்கிறது. காற்று பலமாக அடித்தால் ஐந்து மீட்டரிலிருந்து கூடையில் போடுவதுகூடச் சூதாட்டம். தண்ணீர் ஏறினால் சில கூடைகளுக்குப் பாதையே இருக்காது, இறங்கினால் சேறு. தூண்டில் போடுகிறவர்களும் நடைக்கு வருகிறவர்களும் நகரும்வரை காத்திருக்க வேண்டும், தலைக்கு மேலே எறிவதெல்லாம் வேண்டவே வேண்டாம். மழை நாளில் காடு எப்படியிருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், காய்ந்த நாட்களில்தான் அங்கே போயிருக்கிறேன்.

புதிதாக ஆரம்பிப்பவர் என்றால் முதல் சில மாதம் காட்டிலேயே ஆடுங்கள், தேடினால் தட்டு கிடைக்கும். ஏரிக்கு வந்தபிறகு, பட்டர் மட்டும் ஒரே மாதிரி இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இப்போது இருப்பது அந்த இரண்டாவது.