வேலையைப் பிரிப்பதா, இடத்தைப் பிரிப்பதா?

காரைக்குடியில் கோடு எழுதுகிறவனுக்கு மின்வாய், துருப்பிடிப்பு, பேட்டரி என்று ஏதாவது ஒரு சிமுலேஷன் எப்படியும் வந்து சேரும். 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகமான செக்ரி பக்கத்திலேயே இருக்கிறதே! அதைப் பல கோர்களில் (தனித்தனியாகக் கணக்குப் போடும் செயலிப் பகுதிகளில்) ஓட்ட இரண்டு வழி அதிகம் புழங்குகிறது: மாஸ்டர்-வொர்க்கர், டொமைன் டீகம்போசிஷன்.

முதலாவது நம் கல்யாணச் சமையற்கட்டு. கை ஓய்ந்து வந்து நிற்பவருக்குத் தலைமைச் சமையல்காரர் அடுத்த வேலையைக் கொடுப்பார். ஒரே மாடலை 400 வெவ்வேறு வெப்பநிலைகளுக்கு ஓட்ட வேண்டும். ஒன்று 2 நிமிடத்தில் முடிகிறது, இன்னொன்று 40 நிமிடம் இழுக்கிறது. இதற்கு மாஸ்டர்-வொர்க்கரை விட்டு வேறு தேட வேண்டியதில்லை. ஒரே சிக்கல், வேலை பொடிசாகிவிட்டால் மாஸ்டர் முன்னால் வரிசை நிற்கும். வேலைக்கு 3 விநாடி, வொர்க்கர் 1,000 பேர் என்றால், ஆளுக்கு 3 மில்லிவிநாடிக்குமேல் அவரால் ஒதுக்க முடியாது.

இரண்டாவது, வளவில் ஆத்தங்குடிக் கல் பதிப்பது. சிமுலேஷன் நடக்கும் இடத்தைச் சின்னச் செல்கள் கொண்ட கட்டமாக்கி, கோருக்கொரு துண்டாக வெட்டிக் கொடுப்போம். ஆளுக்கொரு பகுதிதான், ஆனால் ஓரத்துப் பூ அடுத்தவர் கல்லோடு பொருந்த வேண்டும். அடுத்த துண்டின் ஓரத்து மதிப்புகளை நாம் வைத்துக்கொள்ளும் நகலுக்கு ஹேலோ என்று பெயர். ஒவ்வொரு காலப்படியிலும் அதைப் பரிமாற வேண்டும். 1024×1024 கட்டத்தை 16 பட்டைகளாக வெட்டினால் நடுப் பட்டை 2,048 மதிப்புகளை அனுப்பும். 256×256 சதுரங்களாக வெட்டினால் 1,024 போதும். பாதிதான். ஆனால் இரண்டு செய்திக்குப் பதில் நான்கு. செய்திக்குச் செய்தி, கிளம்பவே நேரமெடுக்கும் நெட்வொர்க் என்றால் பட்டையே முந்திவிடலாம்.

நான் முதலில் எழுதியதில், எல்லாப் பிராசஸும் (கோருக்கு ஒன்றாக ஓடும் நிரல்) இரண்டு பக்கமும், தங்களுக்குள் செய்தி பரிமாறும் வழியான எம்பிஐயின் சென்ட் போட்டுவிட்டு அப்புறம்தான் ரிசீவுக்கு வரும். சின்னக் கட்டத்தில் ஜோராக ஓடியது. பெரிய கட்டத்தில் அசையவே இல்லை. சின்னச் செய்தியை எம்பிஐ தன் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) போட்டுக்கொண்டு நம்மைப் போகவிட்டிருக்கிறது. பெரிய செய்திக்கு, எதிராளி வாங்கினால்தான் விடுவேன் என்று எல்லாரையும் நிறுத்திவிட்டது. அனுப்புவதையும் வாங்குவதையும் சேர்த்தே செய்யும் சென்ட்ரிசீவுக்கு மாற்றியதும் ஓடியது.

பக்கத்துச் செல்லின் மதிப்பு தேவையா? தேவையென்றால் டீகம்போசிஷன், இல்லையென்றால் ஹேலோ பக்கமே போகாதீர்கள். தனித்தனியாக ஓடக்கூடிய 400 ரன்னை, பெருமைக்காகக் கட்டம் வெட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு ரன்னும் ஒரு கோருக்குள் அடங்காத அளவு பெரிதென்றால் இரண்டையும் கலக்கலாம். என்னுடையது இப்போது அப்படித்தான்: 64 கோர், கம்யூனிகேட்டரை (எம்பிஐயில் ஒன்றோடொன்று பேசும் பிராசஸ் கூட்டத்தை) பிரித்து 8 குழு. குழுவுக்குள் ஹேலோ, குழுக்களுக்கு மேலே ஒரு மாஸ்டர்.