கேம்பர் வேன் வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா? என் 45,000 ரூபாய் போன கதை

சென்னையிலிருந்து கேம்பர் வேனில் குடும்பத்தோடு போவது எப்படி, எந்த ரூட் நல்லது, ராத்திரி எங்கே நிறுத்தலாம், என்னென்ன சாமான் வேண்டும் என்று விலாவாரியாக எழுதுகிறேன் என்று போன மாதம் ஆபீஸ் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். இது அந்தப் பதிவு இல்லை. 45,000 ரூபாயை எப்படி ஏமாந்தேன் என்கிற பதிவு. டிப்ஸ் கடைசியில் வரும், அதுவரை பொறுமை இருந்தால். உங்களுக்கு இல்லை, எனக்கு.

முதலில், கார் இருக்கும்போது கேம்பர் வேன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒதுங்கியே ஆக வேண்டும். ஹைவேயில் பெட்ரோல் பங்க் பாத்ரூம்களை நம்பிப் போய் ஒருமுறை அவர் பட்ட அவமானத்தில், 3 வருடமாக எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்றுதான் பதில். உள்ளேயே டாய்லெட், இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ், காலை நீட்டிப் படுக்க இடம். இது மூன்றும் இருக்கிற வண்டி என்றதும் அவரே "ஏலகிரி போலாமாடா?" என்றார். அதற்காகத்தான் இத்தனையும்.

வண்டி வைத்திருப்பவர்களும் வாடகைக்குத் தேடுபவர்களும் சேரும் ஆப் ஒன்றில் பார்த்தேன். பெயர் வேண்டாம். டெம்போ டிராவலர் மாதிரி வண்டியை உள்ளே மாற்றிக் கட்டியது. படங்கள் பிரமாதம். மேலே சோலார் பேனல், உள்ளே ஏசி, இரண்டு படுக்கை, சின்ன சமையல் மேடை. 4 நாளைக்கு ஆப்பில் 35,400. புக் செய்த பத்தாவது நிமிடம் ஓனர் போன் செய்தார். "சார், ஆப்காரன் கமிஷன்தான் அந்த 5,400. கேன்சல் பண்ணிட்டு எனக்கு நேரா போட்ருங்க, 30,000-ல முடிச்சிக்கலாம். டெபாசிட் 15,000, வண்டி வந்த அன்னிக்கே திருப்பிடறேன்."

5,400 மிச்சம். கேன்சல் செய்தேன். ஆனாலும் உடனே பணம் போடவில்லை, வண்டியைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். பார்த்தீர்களா, நான் ஒன்றும் ஏமாளி இல்லை என்று அப்போது நினைத்தேன்.

ஷெட் பூந்தமல்லி தாண்டி, திருமழிசைப் பக்கம். குரோம்பேட்டையிலிருந்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் 2 மணி, தகரக் கூரை, அனல். ஓனர் அப்பாவைக் கையைப் பிடித்து மெதுவாக வண்டிக்குள் ஏற்றினார். உள்ளே ஜில்லென்று இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, வெளியே முத்து முத்தாக வேர்த்திருந்ததைத் தன் தோள் துண்டால் துடைத்து, "ஐயா, குடிங்க. நம்ம வண்டி ஃபிரிட்ஜ் தண்ணிதான்" என்று கொடுத்தார். அப்பா குடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் நான் விழுந்தேன். அங்கேயே நின்று ஜிபே செய்தேன், 45,000. நோட்டில் "ஃபிரண்ட்" என்று போடச் சொன்னார், அதையும் போட்டேன்.

ஒன்று மட்டும் இப்போது கண்ணை விட்டு அகலமாட்டேன் என்கிறது. வண்டியின் பின் சக்கரத்தின் ஓரமாக ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று ஷெட் சுவர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் வண்டியில் ஏறினேன், தாண்டித்தான் இறங்கினேன். தடுக்கி விழுந்திருந்தாலாவது குனிந்து பார்த்திருப்பேன்.

இன்னொன்று, நம்பர் பிளேட் வெள்ளை. "வாடகை வண்டின்னா மஞ்ச போர்டு இல்ல இருக்கணும்?" என்று கேட்டேன். "ஓன் போர்டுன்னா போலீஸ் நிறுத்த மாட்டான் சார், ஃபேமிலியோட போறீங்க, நிம்மதியா போவீங்க. கேட்டா ஃபிரண்ட் வண்டின்னு சொல்லுங்க." எனக்கு நல்லது செய்வதைப் போலவே சொன்னார்.

போன வியாழன் காலை 6 மணிக்குக் கிளம்பினோம். நான், மனைவி, மகள், அம்மா, அப்பா. பெங்களூர் ஹைவே. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை அப்பா ஜன்னலோரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். காவேரிப்பாக்கம் ஏரிக்கரை ஓரமாக நிறுத்தியபோது, டாய்லெட்டுக்குள் போனவர் போன வேகத்தில் வெளியே வந்தார். எங்களுக்கு முன்னால் எடுத்தவர்கள் யாரோ, அவர்கள் விட்டுப்போனது எல்லாம் தொட்டியில் அப்படியே இருந்தது. காலி செய்யவே இல்லை. ஷெட்டில் காட்டும்போது அந்தக் கதவை மட்டும் திறந்து உடனே மூடினார், "பினாயில் போட்டிருக்கு சார், நெடி வரும்" என்று. நெடி வரும் என்பது மட்டும் உண்மை.

அப்போதுதான் மனைவி "என்னங்க, ஃபிரிட்ஜ் லைட் எரியல" என்றாள். ஏசியும் ஓடவில்லை. போன் போட்டேன். "ஓட ஓட சார்ஜ் ஏறும் சார், புது பேட்டரி, ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினோம். ஆம்பூரில் மறுபடி போட்டேன். "வெயில் அடிக்குதுல்ல, சோலார் இழுத்துக்கும் சார்." வெயிலா? வேலூர் வெயில்! அதற்கு மேல் ஒரு சூரியன் எங்கே போய் வாங்குவது? மகளுக்கு வைத்திருந்த பால் திரிந்துவிட்டது. அம்மா மசாலா தடவிக் கொண்டுவந்த கறியை ரோட்டோரம் கொட்டினோம். திறக்காத இன்சுலின் பேனா 3, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. ஆம்பூர் மெடிக்கலில் கேட்டதற்கு, எவ்வளவு சூட்டில் எத்தனை நேரம் இருந்தது என்று தெரியாமல் போடாதீர்கள் என்றார். புதிதாக வாங்கி, ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, ஐஸில் நேராகப் படாமல் துண்டில் சுற்றி வைத்தோம். மோட்டார்ஹோமில் தெர்மாகோல் பெட்டி. சிரிப்பதா அழுவதா?

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பா பேத்திக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தார், அந்தப் புழுக்கத்திலும். பாரி வளைவு வந்ததும், "முல்லைக்குத் தேர் குடுத்தான் பாரி. நமக்கு இந்தத் தேரைக் குடுத்தானே, அவன் பேர் என்னடா?" என்றார். அவர் கோபத்தை அவ்வளவுதான் காட்டுவார்.

மேலே போனால் அடுத்தது. "நம்ம ஆளோட கேம்ப் சைட் இருக்கு சார், கரண்ட் பாயின்ட், தண்ணி, எல்லாம் ஃபிரீ" என்று அனுப்பிய லொகேஷனில் பூட்டிய கேட், உள்ளே முள்செடி. பக்கத்து வாட்ச்மேன் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். புங்கனூர் ஏரிப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் கெஞ்சி, 500 ரூபாய்க்கு வாசலில் நிறுத்தி ஒரு ஒயர் இழுத்துக்கொண்டோம். ஃபிரிட்ஜ் உடனே உயிர் பெற்றது. அந்த நொடியில்தான் ஷெட்டில் பார்த்த ஆரஞ்சு ஒயர் ஞாபகம் வந்தது. ஏசி போட்டதும் அந்த வீட்டு சாதா பாயின்ட் டிரிப் ஆகி, ஓனரம்மாவிடம் திட்டு வேறு. அப்பா, அம்மா, மகள் மூவரும் அங்கேயே ரூம் எடுத்துப் படுத்தார்கள். தனி வாடகை.

மறுநாள் மலை இறங்கி வாணியம்பாடியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். இருபத்தைந்து வயது இருக்கும். சீட்டுப் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டார்ச்சை என் கையில் கொடுத்தார். பாருங்கள் என்று. உள்ளே பழைய லாரி பேட்டரி ஒன்று, பக்கவாட்டில் வயிறு உப்பி, முனையில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தது. எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற வேண்டிய ஒயர் அதுவரை வரவே இல்லை, பாதியில் நின்று நுனியில் கறுப்பு டேப் சுற்றித் தொங்கியது. சோலார் பேனல் ஒயர் கூரைக்குள் இறங்கி, எதிலும் சேராமல் சுருட்டி வைத்திருந்தது. "அண்ணே, இது ஷோவுக்கு" என்றார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரியே வண்டியைத் திருப்பிவிட்டேன். ஓனர் இல்லை, ஒரு பையன் சாவி வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் நடந்ததுதான் வண்டியைவிட மோசம்.

வெள்ளி: "காலைல பேசலாம் சார், டிரைவிங்ல இருக்கேன்." சனி: "அக்கவுன்ட்ஸ் பாக்கற பொண்ணு லீவு." திங்கள்: "7 வொர்க்கிங் டேஸ் ஆகும் சார், பேங்க் ரூல்." ஜிபேயில் வாங்க ஒரு நொடி, கொடுக்க 7 நாள்! புதன் வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு வந்தது. பேட்டரி டேமேஜ் 12,000, டாய்லெட் கிளீனிங் 3,000. கூட்டினால் பைசா பிசகாமல் 15,000. என் டெபாசிட். யாரோ போன டாய்லெட்டைக் கழுவ நான் 3,000 கொடுத்திருக்கிறேன். ஓட்டாத 2 நாள் வாடகை பற்றிக் கேட்டதும் புளூ டிக் வந்தது, பதில் வரவில்லை. இப்போது பிளாக்.

ஆப்காரர்களிடம் போனேன். சாட்டில் வந்தவர் நான்கு முறை வருத்தம் தெரிவித்தார், நான்கு முறையும் அதே வரி. கடைசியில் சாராம்சம் இதுதான்: புக்கிங் கேன்சல் செய்தது நீங்கள், பணம் போனது எங்கள் வழியாக இல்லை, டிக்கெட் மூடப்படுகிறது. வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனில், "காசு குடுத்தீங்க, வண்டி குடுத்தான், ஓட்டிட்டு வந்தீங்க. இதுல சீட்டிங் எங்க இருக்கு? சிவில் மேட்டர் சார், கன்ஸ்யூமர் கோர்ட் போங்க" என்றார்கள். பில் எங்கே என்று கேட்டார்கள். பில் இல்லை. நோட்டில் "ஃபிரண்ட்" என்று இருக்கிறது. 45,000 ரூபாயை ஒரு நண்பருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவன் நான், ரெக்கார்டு படி.

வீட்டில் அப்பா "விடுடா, போனா போகுது" என்கிறார். 5,400 மிச்சம் பிடிக்கப் போய் 45,000 விட்டவனால் எப்படி விட முடியும்?

சரி, சொன்னதற்காகச் சில விஷயங்கள். அவசரமாகத்தான் எழுதுகிறேன்.

வண்டியை ஷெட்டில் பார்க்காதீர்கள். ஒயர் எல்லாம் பிடுங்கச் சொல்லி, வெளியே கொண்டுவந்து, ஃபிரிட்ஜும் லைட்டும் போட்டு ஒரு மணி நேரம் நிற்க வையுங்கள். ஏசி பேட்டரியில் ராத்திரி முழுக்க ஓடும் என்றால் கணக்குக் கேளுங்கள். 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி (Ah) பேட்டரியில் மொத்தமே சுமார் 1,200 வாட் மணிதான், பழைய லெட் ஆசிட் பேட்டரி என்றால் அதில் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம். 1 டன் ஏசி கிட்டத்தட்ட 1,000 வாட் இழுக்கும், ஒரு மணி நேரம் ஓடினால் பெரிது. ஐந்தாங்கிளாஸ் கணக்கு. நான் பி.இ.

போர்டு நிறம் பாருங்கள். டிரைவரோடு வரும் வாடகை வண்டி மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, நாமே ஓட்ட எடுப்பது கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளை என்றால் சொந்த உபயோகம். வாடகைக்கு விட்டதில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிப்பான். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் வண்டி எந்த வகை என்று வரும். நான் திரும்பி வந்தபிறகு போட்டுப் பார்த்தேன், கேரவன் என்றே இல்லை, ஆம்னி பஸ், பிரைவேட் யூஸ் என்று இருந்தது. அதாவது உள்ளே கட்டியது எதுவும் ஆர்டிஓ கணக்கில் இல்லை. டயரில் 4 இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் தயாரித்த வருடம். அதையும் பாருங்கள், நான் பார்க்கவில்லை.

கேம்ப் சைட் என்று யார் சொன்னாலும் அந்த இடத்துக்காரரிடம் நீங்களே போனில் பேசுங்கள். நம் ஊரில் கேரவன் பார்க் அபூர்வம், பெரும்பாலும் ஹோட்டல் வாசலில் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். கேரளா 2021-ல் கேரவன் டூரிசம் பாலிசி கொண்டுவந்து வாகமண் பக்கம் பார்க் திறந்தார்கள். ஏசி போட 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், அதை ஓனர் எடுத்துத் தருவார் என்று நம்பாதீர்கள். ரூட் பற்றி எழுத நிறைய வைத்திருந்தேன், இப்போது மனசில்லை.

ஆப்புக்கு வெளியே பணம் போடாதீர்கள். போடாதீர்கள்.

நான் 1915-ல், அதுதான் நுகர்வோர் ஹெல்ப்லைன், புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லையாம், 2 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் நண்பர் ஒருவர் வாணியம்பாடியில் நான் எடுத்த பேட்டரி போட்டோக்களை அழிக்காதே என்றார். அழிக்கவில்லை.

நேற்று ராத்திரி மனைவியின் போனிலிருந்து அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே வண்டி, புதுப் படங்கள், வாடகை நாளைக்கு 500 கூட்டியிருக்கிறார்கள். மூன்றாவது படத்தில் சமையல் மேடை மேல் ஒரு எவர்சில்வர் தூக்கு பளபளவென்று இருக்கிறது. மூடியில் அம்மா பெயர் வெட்டியிருக்கும், பெரிதாக்கினால் முதல் எழுத்து தெரிகிறது. இத்தனை நாளாக அதைத்தான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.