ரிச்சி தெருவில் வாங்கிய 280 ரூபாய் சவுண்ட் கார்டு

பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். ஆராய்ச்சி மாணவர்கள் ஃபோனில் பதிவு செய்து அனுப்புவார்கள். பின்னால் மிக்ஸி ஓடும், பஸ் ஹாரன் அடிக்கும். அதற்குள் பேசியதைப் பிடிக்க வேண்டும். லேப்டாப்பில் சத்தம் நின்றால் என் பிழைப்பும் நின்றுவிடும்.

போன மாதம் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். அக்கா பையன் வந்து விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் 12 என்ற லினக்ஸை நிறுவிக் கொடுத்துவிட்டு அன்று ராத்திரியே பெங்களூருக்கு ரயிலேறிவிட்டான். மறுநாள் காலையில் முதல் பேட்டியைத் திறந்தால் ஊமைப் படம். செட்டிங்ஸில் ஸ்பீக்கர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டம்மி அவுட்புட்’ என்று இருந்தது. புரசைவாக்கத்தில் வீட்டுப் பக்கத்து சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல், “போர்டுல சவுண்ட் ஐசி போயிருக்கு மேடம், 4,500 ஆகும்” என்றார்கள். முந்தாநாள் வரை விண்டோஸில் நன்றாகப் பாடிய ஐசி!

வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது மணி நேரப் பேட்டி முடிக்க வேண்டியிருந்தது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். மாடிப்படிக்குக் கீழே மேசை அகலத்துக்கு ஒரு கடை. யுஎஸ்பி ஓட்டையில் செருகினால் ஹெட்ஃபோனுக்குச் சத்தம் தரும் குட்டி சவுண்ட் கார்டு, 350 சொன்னார், 280க்குக் கொடுத்தார். லினக்ஸில் எடுக்குமா என்று கேட்டேன். “எடுக்கும்க்கா. எடுக்கலைன்னா கொண்டாங்க, மாத்தித் தரேன்.”

எடுத்தது. செருகி மூன்று விநாடி, செட்டிங்ஸில் புதுப் பெயர் வந்தது, ஹெட்ஃபோனில் பேட்டி கொடுத்த பாட்டி இருமினார். சிடி கிடையாது, டிரைவர் தேடும் வேலையும் கிடையாது. இந்த வகைக் கார்டுகள் 1998இல் வந்த யுஎஸ்பி ஆடியோ என்ற பொது விதிப்படி பேசுகின்றன. அந்த மொழி தெரிந்த டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியில் பிராண்டு பெயர் இல்லை, ஆனால் டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையை அடித்தால் உள்ளே இருப்பது சி-மீடியா சிப் என்று தெரிகிறது.

குறைகளும் உண்டு. பச்சை ஓட்டை ஹெட்ஃபோனுக்கு, பிங்க் ஓட்டை மைக்குக்கு. ஃபோனோடு வரும் ஒற்றைப் பின் ஹெட்செட்டைச் செருகினால் கேட்கலாம், பேச முடியாது. பேச்சில்லாத இடத்தில் மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்கிறது. பேட்டிக்குப் பரவாயில்லை, பாட்டு கேட்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். மைக்தான் ரொம்ப மோசம். நான் பேச்சை நிறுத்தினால் ஃபேன் சத்தம் மெதுவாக மேலே ஏறி வரும். ஒலி அளவுகளைச் சரிசெய்யும் ஆல்சாமிக்ஸரைத் திறந்து, எஃப்6 அழுத்தி இந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்து, ‘ஆட்டோ கெயின் கன்ட்ரோல்’ மேல் நின்று எம் தட்டி அதை அணைத்தேன். ஏறுவது நின்றது, இரைச்சல் போகவில்லை. அப்புறம் அந்த நீல விளக்கு. ராத்திரி முழுக்கச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. மேலே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டேன்.

சனிக்கிழமை அக்கா பையன் ஃபோனில் பிடிபட்டான். “சித்தி, டிமெஸ்ஜி அடிச்சு அதுல சோஃப்னு எங்க வருதுன்னு பாருங்க.” கெர்னல் எழுதிவைக்கும் குறிப்புகளைக் காட்டும் கட்டளை அது. பார்த்தேன். சோஃப்-டிஜிஎல் என்ற ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை மைனஸ் 2 என்று இருந்தது. மைனஸ் 2 என்றால் கோப்பே இல்லை என்று அர்த்தமாம். என்னுடையது இன்டெல் 11ஆம் தலைமுறை. இதில் ஒலியைக் கவனிக்க ஒரு குட்டிச் செயலி உண்டு, ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் அதற்கு இந்தக் கோப்பை ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் கார்டே இல்லாத மாதிரிதான், டம்மி அவுட்புட்.

டெபியன் 12 தானாகவே இந்தக் கோப்புகளைப் போட்டுவிடும். பையன்தான், சுதந்திர மென்பொருள் அல்லாத ஃபர்ம்வேர் வேண்டாம் என்று நிறுவும்போதே தடுத்திருக்கிறான், கொள்கையாம். வைஃபை வராமல் போனதும் அதற்கு மட்டும் கொள்கையைத் தளர்த்தியிருக்கிறான், சவுண்டை மறந்துவிட்டான். இந்தக் கோப்பு தேவைப்படாத பழைய எச்டிஏ ஒலி டிரைவருக்குத் தள்ளிவிடும் குறுக்குவழி ஒன்றும் சொன்னான், ஆனால் அதில் ஸ்பீக்கர் வந்தாலும் உள்மைக் வராது என்றான். ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்ட் பொதியை நிறுவி ரீஸ்டார்ட் செய்தேன். ஸ்பீக்கர், மைக் இரண்டும் வந்தன. செலவு சைபர். போர்டு போச்சு என்றவர்களிடம் போய்ப் பாட்டுப் போட்டுக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்படியானால் 280 தண்டமா? இல்லை. பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல் என்ற நிரலில் பேட்டி பிளேயரை இந்தக் கார்டுக்கும் மற்றதையெல்லாம் உள் ஸ்பீக்கருக்கும் பிரித்துவிட்டேன். மெயில் வந்தால் லேப்டாப் டிங் என்கிறது, காதில் பேட்டி மட்டும் ஓடுகிறது. சத்தம் வராத லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் சர்வீஸ் கடைக்குப் போகுமுன் இதில் ஒன்றை வாங்கிச் செருகிப் பாருங்கள். மைக் வேண்டும் என்றால் மட்டும் வேறு பாருங்கள். கேபிளோடு வரும் மாடலாகக் கேளுங்கள், என்னுடையது நேரே செருகும் ரகம், பக்கத்து யுஎஸ்பி ஓட்டையில் பென் டிரைவ் நுழைய மாட்டேன் என்கிறது.